வெயில் கண்ட மண்

பணம் தருகிறவர் எதற்காகத் தருகிறார் என்று எங்கள் தொழிலில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவர் யோசிக்கத் தொடங்கிவிடுவாரோ என்ற பயம்.

ஓதியங்குப்பம் கடற்கரையைக் கள ஆய்வு செய்ய வேண்டும் என்று பதினோரு ஆண்டுகளாக நான் மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மணலுக்கு அடியில் ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முந்தைய துறைமுகக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்குச் சான்றாக என்னிடம் ஒரு பை நிறையப் பானை ஓடுகளும், யாரும் படிக்காத இரண்டு கட்டுரைகளும் இருந்தன. பல்கலைக்கழகம் ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றது. 2041 தை மாதத்தில் ஒரு நாள் வைரக்கண்ணு என்பவர் தொலைபேசியில் அழைத்தார். மூன்று ஐஸ் பேக்டரியும் இறால் ஏற்றுமதியும் வைத்திருப்பவர். முழுச் செலவையும் தானே ஏற்பதாகச் சொன்னார்.

"ஒரே ஒரு கண்டிசன் சார். மேல் மண்ணுல வர்றத வேணாம்னு தள்ளிடக் கூடாது. அதையும் பாத்து எடுத்து வைக்கணும்."

எனக்குச் சற்று அருவருப்பாக இருந்தது. முந்நூறு வருடத்துக்கு உட்பட்ட எதையும் நாங்கள் பார்ப்பதில்லை. செப்டிக் டேங்க், குழாய் பதித்த பள்ளம், யாரோ தென்னை நட்ட குழி என்று எல்லாம் சேர்ந்து கீழே இருக்கும் ஊரை மறைக்கும். ஒவ்வொரு மாலையும் அந்த அடுக்கைக் கணினியில் அழித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். மேல்வெட்டு என்று அதற்குப் பெயர். அது வேண்டும் என்று கேட்பவர் நிலத் தகராறுக்காரராகவோ, ரிசார்ட் கட்ட நினைப்பவராகவோதான் இருப்பார் என்று முடிவு கட்டினேன். ஆனாலும் சரி என்றேன்.

முதல் நாளே அவர் களத்துக்கு வந்தார். எழுபது வயது. வெள்ளைச் சட்டை, வெறுங்கால். கருவியை இயக்குகிற ரெஜினா தூத்துக்குடிக்காரி. தன் வண்டியைச் சுற்றி யாராவது வந்து நின்றால் விளக்கம் சொல்லாமல் விடமாட்டாள். மணலில் இழுத்துச் செல்லும் பலகை போன்ற அந்த வண்டிக்கு வெயில்மானி என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம்.

"வாங்க அண்ணாச்சி. கிட்ட வந்து பாருங்க, கடிக்காது."

"அண்ணாச்சியா? என்னைய மளிகைக்கடைக்காரன் ஆக்கிட்டியேம்மா."

"எங்க ஊர்ல முதலாளி எல்லாரும் அண்ணாச்சிதான். மணல்ல ஒவ்வொரு பருக்கையும் ஒரு பேட்டரின்னு வச்சுக்கோங்க. இருட்டுல மூடிக் கிடந்தா கொஞ்சங் கொஞ்சமா சார்ஜ் ஏறும். வெயில் பட்டா சுத்தமா இறங்கிரும். மறுபடி மூடினா முதல்ல இருந்து ஏற ஆரம்பிக்கும். இந்த வண்டி மேல போகும்போதே கீழ பன்னெண்டு அடி வரைக்கும் எந்த மணல்ல எவ்வளவு ஏறியிருக்குன்னு பாத்துரும். அப்ப அது கடைசியா என்னைக்கு வெயில் பாத்துச்சுன்னு தெரிஞ்சுரும்லா."

"நாளு சொல்லுமா?"

"பழசுன்னா அம்பது வருசம் முன்ன பின்ன ஆகும். புதுசுன்னா பத்து நாள் அங்க இங்க."

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"முப்பத்தாறு வருசம் புதுசா, பழசா?"

"அது நேத்து மாதிரி" என்றாள் ரெஜினா.

கணக்குப் போடுவதற்கு எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. இந்தக் கரையில் முப்பத்தாறு வருடத்துக்கு முன் என்ன நடந்தது என்று கேட்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அப்போது தஞ்சாவூரில் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் பார்த்தேன், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் திரையில் அறுபது அடி நீளத்துக்கு ஒரு செவ்வகம் எழுந்தது. அதற்குள் இருந்த மணல் முழுவதும் 2004 டிசம்பர் கடைசி வாரத்தில் வெயில் கண்டிருந்தது. ரெஜினா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு வண்டியின் மோட்டாரை அணைத்தாள். அன்றைக்கு வேலையை அத்துடன் நிறுத்திவிட்டு நான் வைரக்கண்ணுவைப் பார்க்கப் போனேன்.

ஐஸ் பேக்டரியின் மாடியில் அவருடைய அறை. கீழே இயந்திரம் ஓடும் அதிர்வில் மேசைமேல் இருந்த டீ தம்ளர் நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் படத்தை விரித்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

"அது ஊருக்கே தெரியும் சார். நூத்திநாப்பது பேரு. பக்கத்துலயே நினைவுத் தூண் இருக்குல்ல. நான் தேடுறது அது இல்ல."

எழுந்து கதவைச் சாத்தினார். திரும்ப வந்து உட்கார்ந்தார். நான் காத்திருந்தேன். எனக்குக் காத்திருக்கத் தெரியும். என் வேலையே அதுதான்.

"வினோதினின்னு ஒரே பொண்ணு. ஆறு வயசு. ரெண்டாம் நாள் சாயந்தரம் கழிமுகத்துக்கிட்ட முள்ளுக்குள்ள கெடந்தா. நான்தான் பாத்தேன். அந்தப் பக்கம் பொக்லைன் வச்சு பெரிய குழி தோண்டிக்கிட்டிருக்காங்க. அதுல போட மனசு வரல. அவ அம்மாகிட்ட கொண்டு போகவும் மனசு வரல. காட்டுற மாதிரி இல்ல சார்."

தம்ளரைக் கையால் பிடித்து அதன் நடுக்கத்தை நிறுத்தினார்.

"நானே ஒரு எடத்துல வச்சிட்டு வந்துட்டேன். வீட்டுல கெடைக்கலைன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லிக்கலாம்னுதான். அதுவரைக்கும் அவ அம்மா பச்சத்தண்ணி குடிக்கல. மறுநாள் எழுந்திரிச்சு, எங்கயாவது முகாம்ல இருக்கும், தேடிப் பாக்கணும், தெம்பு வேணும்னு கஞ்சி குடிச்சா. கஞ்சி குடிக்கிறாளேன்னு விட்டுட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன, முப்பத்தாறு வருசம். எத்தன முகாம், எத்தன ஆசிரமம், எத்தன ஊரு. எல்லா எடத்துக்கும் கூடவே போனேன். இல்லாத புள்ளைய நானும் சேந்து தேடுனேன். இன்னிக்கும் எங்க குடும்ப அட்டையில மூணு பேரு. ஒவ்வொரு தடவ புது அட்டை குடுக்கும்போதும் சண்டை போட்டு அந்தப் பேர வைக்க வச்சிடுவா."

இயந்திரம் நின்று மறுபடி தொடங்கியது.

"இப்ப அவளுக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. டயாலிசிஸ் ஆரம்பிக்கவே வேணாம்னுட்டா. ரெண்டு மாசம், மிஞ்சிப்போனா மூணுங்கிறாரு டாக்டர். பொய்யக் குடுத்து அனுப்ப முடியாது சார். சொல்லணும். சொன்னா எங்கன்னு கேப்பா. எங்கன்னு தெரியாம எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

"அடையாளம் எதுவும் வைக்கலையா?"

"மூணு சவுக்கு மரம் இருந்துச்சு. அந்தக் கரை பூரா புதுசா சவுக்கு நட்டாங்க, வெட்டுனாங்க, மறுபடி நட்டாங்க. கழிமுகமே தெக்கால தள்ளிப் போயிருச்சு. அந்த மரம் இருந்த வரைக்கும் நான் அந்தப் பக்கம் போகல. போனா அவ என் பின்னாலயே வந்துருவான்னு பயம்."

நான் ஒரு கேள்வி கேட்டேன். அதைக் கேட்டபோது அது வெறும் தொழில்முறைக் கேள்வியாகத்தான் என் வாயில் வந்தது.

"தோண்டும்போது வெயில் இருந்துச்சா?"

"ஏது வெயில்? யாரும் பாக்கக் கூடாதுன்னு பொழுது நல்லா எறங்குனப்புறம்தான் தோண்டுனேன். கைக்குக் கை தெரியல."

நான் படத்தைச் சுருட்டத் தொடங்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வியாபாரி அல்லவா, எதிரில் இருப்பவன் முகத்தில் விலை படிந்துவிட்டதா இல்லையா என்று படிக்கத் தெரிந்தவர்.

"இருட்டுல புரட்டுன மண்ணு அந்த வண்டிக்குத் தெரியாதா சார்?"

"தெரியாதுங்க. வெயில் பட்டாத்தான் அதுக்கு நாள் தெரியும். இருட்டுல தோண்டி மூடுனா மணல் கொஞ்சம் கலங்குன மாதிரி இருக்கும். நண்டு வளை, மரத்து வேரு எல்லாம் அப்படித்தான் தெரியும். இந்தக் கரையில அந்த மாதிரி லட்சம் எடம் இருக்கும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஏதோ நியாயமான தீர்ப்பைக் கேட்டதுபோல இருந்தது அந்த ஆட்டல்.

"ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாதுன்னு நெனச்சேன். நெனச்சபடியே நடந்துருக்கு."

"ஆய்வ நிறுத்திடலாமுங்களா?" என்றேன். சொல்லும்போதே அவர் மறுக்க வேண்டும் என்று நினைத்தேன். பதினோரு ஆண்டுகள்.

"எதுக்கு நிறுத்தணும்? என் புள்ளதான் கெடைக்கல. உங்க ஊராவது கெடைக்கட்டும்."

நாங்கள் தொடர்ந்தோம். அவர் ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு வந்து, நாங்கள் அளந்து முடித்த பகுதியின் ஓரத்தில் மணலில் உட்காருவார். கேள்வி எதுவும் கேட்கமாட்டார். ரெஜினா தன் பிளாஸ்கிலிருந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுப்பாள். அவர் குடித்துவிட்டு தம்ளரை மணலால் துலக்கித் திருப்பிக் கொடுப்பார். மதியம் மனைவிக்கு மருந்து கொடுக்கும் நேரத்துக்குக் கிளம்பிவிடுவார். நானும் அவரும் சில நாட்கள் ஒரு மணி நேரம்கூடப் பேசாமல் அருகருகே உட்கார்ந்திருந்திருக்கிறோம். மேல்வெட்டு செய்யாமலேயே எல்லாவற்றையும் சேமித்து வந்தேன். அதனால் பயன் ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும், ரெஜினாவுக்கும் தெரியும்.

நாற்பத்தோராம் நாள் என் ஊர் கிடைத்தது. ஒன்பது அடி ஆழத்தில் செங்கல் சுவர்கள், ஒரு தெரு, தெருவின் முடிவில் படகுத் துறையாக இருக்கக்கூடிய ஒரு மேடை. ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முன் ஒருநாள் அந்தத் தெருவில் மணல் மூடியிருக்கிறது. அதன் பிறகு அது வெயில் பார்க்கவில்லை. நான் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். என் வாழ்நாளின் மிகப் பெரிய மகிழ்ச்சியாக அது இருந்திருக்க வேண்டும்.

"சார், மேல பாருங்க" என்றாள் ரெஜினா.

தெருவுக்கு மேலே, தரையிலிருந்து நாலரை அடி ஆழம் வரை, சிறிய குழி ஒன்று தெரிந்தது. நான்கடி நீளம்கூட இருக்காது. குழியின் அடி மண் கடைசியாக வெயில் கண்டது 2005 ஆவணியில். அதற்கு இரண்டு விரல் மேலே இருந்த மண் 2006 ஆவணியில். அதற்கும் இரண்டு விரல் மேலே 2007 ஆவணி. அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிக்கட்டு போல ஏறி வந்து, தரைக்கு ஒரு சாண் கீழே 2032 ஆவணியில் நின்றது. ரெஜினா விரல் வைத்து எண்ணினாள். இருபத்தெட்டு.

"இது என்ன சார்? நாயா?"

"வருசா வருசம் ஆவணியில வந்து ஒரே எடத்துல தோண்டுற நாயா?"

"அப்ப யாரோ வருசத்துக்கு ஒரு தடவ வந்து தோண்டியிருக்காங்க. பகல்ல. கொஞ்ச நேரம் திறந்து வச்சிட்டு மூடியிருக்காங்க."

"ஒவ்வொரு வருசமும் முந்தின வருசத்தவிட ஆழம் கம்மியா."

"ஏன் கம்மியா?"

அவளே சொன்னாள்.

"வயசாகியிருக்கு."

மறுநாள் வைரக்கண்ணு வந்து உட்கார்ந்தபோது நான் அவர் அருகில் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, வேறு ஏதோ பேசுவதுபோல, அவர் மனைவி இந்தக் கரைக்கு வருவதுண்டா என்று கேட்டேன்.

"செவந்தியா? கடல் பக்கம் தலையக் காட்டுனதில்ல. புள்ளையத் தேடிப் போனது போக, அந்த மார்கழியில வீட்டுக்குள்ள போனவதான். வருசத்துல ஒரே ஒரு நாளு, ஆவணியில, வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்தே போவா. புள்ள திரும்பி வரணும்னு வேண்டுதல். புள்ள பொறந்ததும் ஆவணிதான். கார் அனுப்புறேன்னா கேக்கமாட்டா, நானும் வர்றேன்னாலும் வேணாம்பா. முட்டி போனப்புறம் அதுவும் நின்னுபோச்சு. ஆச்சு, ஒம்போது வருசம்."

திருவிழா நாளில் ஊரே வேளாங்கண்ணியில் இருக்கும். சவுக்குத் தோப்பில் ஆள் இருக்காது. வீட்டிலிருந்து வடக்கே நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு பெண் கிழக்கே நடந்திருக்கிறாள். முதல் வருடம் அந்த மூன்று மரங்கள் நின்றிருந்திருக்கும். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. பல ஆண்டுகள் ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்திருக்கும். அவர் போகப் பயந்த இடத்துக்கு அவள் போய்க்கொண்டே இருந்திருக்கிறாள். அதனால்தான் அவருக்கு வழி மறந்தது, அவளுக்கு மறக்கவில்லை.

அன்று மாலை ரெஜினாவும் நானும் முதல் முறையாகச் சண்டை போட்டோம்.

"அவர்ட்ட எல்லாத்தையும் சொல்லிருங்க சார். அந்தம்மாவுக்குத் தெரியும்னு சொல்லிருங்க. பாவம், பயந்து சாகுதாரு மனுசன்."

"எடத்த மட்டும் சொல்றேன். ஆவணிய சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"அந்தம்மா இருபத்தெட்டு தடவ போயிருக்காங்க. ஒரு தடவகூட வாயத் திறக்கல. அப்படின்னா அவரே வந்து சொல்லணும்னு இருந்திருக்காங்க. அவங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சுக்கிட்டு இவரு போய்ச் சொன்னா அது சொன்ன மாதிரி ஆகாது."

"நீங்க யாரு சார் அத முடிவு பண்ண? துட்டு கொடுத்தது அவரு. கண்டுபிடிச்சது முழுசும் அவருக்குத்தான் சொந்தம்."

அவள் கேட்டது சரிதான். இன்றைக்கும் எனக்கு அதற்குப் பதில் தெரியாது. ஒப்பந்தப்படி அந்தப் படத்தின் ஒவ்வொரு வரியும் அவருடையது. நான் ஒரு தாளில் இடத்தை மட்டும் புள்ளி வைத்து, குழியின் அளவை எழுதி எடுத்துக்கொண்டேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், இருட்டில் தோண்டியது தெரியாது என்றீர்களே என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று இரவு முழுவதும் யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்கவேயில்லை. தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "நீங்களும் வரணும் சார்" என்றார். "எடத்தப் பத்திக் கேட்டா எனக்கு வாய் வராது."

அவர்கள் வீட்டு முன்னறையில், ஜன்னல் ஓரமாகச் செவந்தியின் கட்டில் இருந்தது. கால்கள் வீங்கியிருந்தன. முகம் மட்டும் மிகச் சிறியதாகிவிட்டிருந்தது. காலை பதினொரு மணி வெயில் போர்வையின் பாதி வரை வந்திருந்தது.

"உக்காருங்க தம்பி. மணலு தோண்டுறவங்கதான நீங்க?"

"தோண்டுறதில்லைங்கம்மா. மேல இருந்தே பாக்குறதுதான்."

"அது நல்லதுதான்" என்றார்.

வைரக்கண்ணு நின்றுகொண்டே இருந்தார். அவர் மனைவி நாற்காலியைக் காட்டினார். அவர் அதில் உட்காராமல் கட்டிலுக்கு அருகே தரையில் உட்கார்ந்தார். அப்போது அவர் தலை அந்த அம்மாளின் கைக்கு நேராக வந்தது. தெருவில் மீன்காரி ஒருத்தி குரல் கொடுத்துக்கொண்டு கடந்து போனாள். நான் என் செருப்பில்லாத கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை.

"செவந்தி, நம்ம புள்ள எனக்குக் கெடைச்சா. அப்பவே. ரெண்டாம் நாளே. உன்கிட்ட நான் சொல்லல."

அந்த அம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழிமுகத்துக்கிட்ட கெடந்தா. பெரிய குழியில போட வேணாம்னு நானே தூக்கிட்டுப் போயி, சவுக்குத் தோப்புல வச்சிட்டு வந்தேன். எடம் மறந்துபோச்சு. இப்ப இந்தத் தம்பி கண்டுபிடிச்சுக் குடுத்துருக்காரு. உன்னைய அலைய விட்டுட்டேன். ஊர் ஊரா அலைய விட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். நான் காத்திருந்தேன். செவந்தி அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. தன் கையை மெதுவாக நகர்த்தி அவர் தலைமேல் வைத்தார். அதில் மன்னிப்பு இருந்ததா, களைப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, வெகுநாளாகக் கேட்க வைத்திருந்த ஒன்றைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"கைலிய ஏங்க முகத்தையும் சேத்துச் சுத்துனீங்க? புள்ளைக்கு மூச்சு முட்டாதா?"

கைலி என்ற சொல் அதுவரை அந்த அறையில் வந்திருக்கவில்லை. என்னிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. ஆனால் அவருடைய பதில் முப்பத்தாறு வருடமாகத் தயாராக இருந்த பதில். என்ன கேட்கப்பட்டது என்று உணர்வதற்கு முன்பே அது அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நீ பாத்துரக் கூடாதுன்னுதான்."

சொன்ன பிறகுதான் அவர் தலை நிமிர்ந்தது. செவந்தியின் கை அவர் தலையிலிருந்து நழுவிப் போர்வைமேல் விழுந்தது.

"பாத்தேன்" என்றார் செவந்தி.